முகம் காட்டாத பாடகர்

அன்புள்ள ஐயா,

போன வாரம் டேவிட் ஃபின்சரின் ‘செவன்’ பார்த்தேன். முடிந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லை. அவர் அதற்கு முன் மடோனா போன்றவர்களுக்கு மியூசிக் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. நாலைந்து நிமிடப் பாட்டில் அழகையும் புகையையும் காட்டுகிற வேலையில் கதை சொல்ல என்ன கற்றுக்கொள்ள முடியும்? அதையெல்லாம் உதறிவிட்டுத்தான் நல்ல இயக்குநர் ஆனாரா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உதறவில்லை. ஒரே ஒரு வீடியோவைச் சொல்கிறேன், இன்றே பாருங்கள். ஜார்ஜ் மைக்கேலின் ‘ஃப்ரீடம்! 90’, ஃபின்சர் 1990இல் எடுத்தது. புகழின் உச்சியில் இருந்த பாடகர், இனி வீடியோவில் முகம் காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்ட நேரம் அது.

சரி, பாடகரே இல்லாமல் எதைக் காட்டுவது? நவோமி கேம்பல், லிண்டா இவாஞ்சலிஸ்டா, சிண்டி க்ராஃபோர்ட் என்று அன்றைக்கு உலகமே அறிந்த ஐந்து மாடல்கள் அவர் குரலுக்கு வாயசைக்கிறார்கள். ஒருவர் குளியல் தொட்டியில், ஒருவர் தொளதொளப்பான ஸ்வெட்டருக்குள். இதுவரை நீங்கள் சொல்கிற அழகும் புகையும்தான். ஆனால் நடுவில் ஒரு தோல் ஜாக்கெட் தீப்பற்றி எரிகிறது. மூன்று வருடம் முன்பு ‘ஃபெய்த்’ பாட்டில் அவர் போட்டுக்கொண்டு ஆடிய ஜாக்கெட். அப்புறம் அந்தப் பாட்டின் கிடாரும் ஜூக்பாக்ஸும் வெடித்துச் சிதறுகின்றன. ஆள் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் பழைய ஜார்ஜ் மைக்கேலை அவரே கொளுத்திவிட்டார் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. இது கதை இல்லாமல் வேறென்ன?

இப்போது ‘செவன்’ படத்துக்கு வாருங்கள். ஏழு பெரும் பாவங்களுக்கு ஒன்றாக ஒரு கொலைகாரன் திட்டமிடும் கொலைகளில் கடைசியானதைத் தவிர எதுவும் நம் கண்முன் நடப்பதில்லை. போலீஸ் டார்ச் வெளிச்சத்தில், எல்லாம் முடிந்த அறைக்குள் நுழைகிறோம். கொலைகாரனாக நடித்தவரின் பெயர்கூடத் தொடக்க டைட்டிலில் கிடையாது. கடைசியில் அந்த அட்டைப்பெட்டி. துப்பறியும் அதிகாரியாக வரும் மோர்கன் ஃப்ரீமன் அதைக் கத்தியால் பிரிக்கிறார், குனிந்து பார்க்கிறார், அதிர்ந்து பின்வாங்குகிறார். நமக்குக் கிடைப்பது அவர் முகம் மட்டும்தான். எதைக் காட்டாமல் விடுவது என்ற கணக்கை ஃபின்சர் பாட்டு வீடியோவிலேயே போட்டுப் பார்த்துவிட்டார் என்பது என் நம்பிக்கை.

இடையில் ஒரு பெரிய அடியும் உண்டு. அவருடைய முதல் படம் ‘ஏலியன் 3’ 1992இல் வந்தது, அப்போது வயது 29. திரைக்கதை முடியாமலே படப்பிடிப்பு தொடங்கி, ஸ்டுடியோவோடு ஓயாத மல்லுக்கட்டு. அந்தப் படத்தை அவர் இன்றுவரை சொந்தம் கொண்டாடவில்லை. 2003இல் ஸ்டுடியோ அதற்கு வேறு வடிவம் தொகுத்தபோதும் அதில் சேரவில்லை. அடிபட்ட மனிதர் திரும்பிப் போன இடம் விளம்பரமும் பாட்டு வீடியோவும்தான். 1994இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவினரை ராட்சத உருவில் நியூயார்க் கட்டடங்களுக்கு நடுவே நடக்கவிட்டார். அதற்கு கிராமி இசை விருது கிடைத்தது. அடுத்த வருடம் ‘செவன்’.

பாட்டு வீடியோ எடுத்தாலே இது வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஃபின்சர் சேர்ந்து தொடங்கிய ப்ரொபகண்டா ஃபிலிம்ஸ் என்ற பாட்டு வீடியோ நிறுவனத்தில்தான் அதிரடிப் பட இயக்குநர் மைக்கேல் பேயும் இருந்தார். அவர் எடுத்துக்கொண்டது வெடிச்சத்தத்தை.

என் நண்பர் ஒருவர் அந்தப் பெட்டிக்குள் இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்றைக்கும் சத்தியம் செய்வார். அந்தக் காட்சியை அவருக்கு இரண்டு முறை போட்டுக் காட்டிவிட்டேன். இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.