ஒரே தீவு, ரெண்டு ராஜ்யம்

வணக்கம் சார். தென் அமெரிக்காவுல, இன்னைக்கு பொலிவியாவுல இருக்கற பொட்டோசில ஸ்பெயின்காரங்க நடத்தின வெள்ளிச் சுரங்கத்தப் பத்தி நீங்க எழுதினதப் படிச்சு ராத்திரி தூக்கமே வரல. ஒரு சந்தேகம். கனடாவுல பிரெஞ்சுக்காரங்க பழங்குடி மக்களோட பழகி, அவங்க பாஷை கத்துக்கிட்டு, அங்கயே பொண்ணு எடுத்து வாழ்ந்தாங்கன்னு படிச்சிருக்கேன். அப்ப ஸ்பெயின்காரங்கள விட பிரெஞ்சுக்காரங்க சுபாவத்துலயே நல்லவங்கன்னு சொல்லலாமா?

ஒரு கல்லூரி மாணவன், மதுரை

வணக்கம் தம்பி,

நீங்க படிச்சது பொய் இல்ல. 1608ல சாம்ப்ளேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு கனடாவுல கியூபெக் குடியேற்றத்த ஆரம்பிச்சாரு, 1663லயும் அந்தக் காலனி முழுக்க பிரெஞ்சுக்காரங்க சுமார் 3,000 பேர்தான். அவங்களுக்கு வேண்டியது பீவர்ங்கற ஆத்துப் பிராணியோட தோலு, ஐரோப்பாவுல தொப்பி செய்ய. பீவரப் பிடிக்கறது, தோலப் பக்குவம் பண்றது, ஆத்து வழியா படகுல கொண்டாந்து சேக்கறது எல்லாமே ஹூரான், அல்கோன்கின்னு பழங்குடி ஜனங்கதான், அவங்கள பகைச்சுக்கிட்டா மறுவருஷம் தோலுக்கு எங்க போறது? அதனால பாஷை கத்துக்கிட்டாங்க, பரிசு குடுத்தாங்க, 1701ல மாண்ட்ரியல்ல கிட்டத்தட்ட 40 பழங்குடி நாடுகளோட உக்காந்து சமாதானம் பேசினாங்க.

பொட்டோசில கதை வேற. வெள்ளி மலைக்குள்ள கிடக்கு, அதத் தோண்ட ஆள் வேணும். 1570கள்ல ஸ்பெயின் ராஜாவுக்காக அந்தப் பகுதிய ஆண்ட வைஸ்ராய் டொலேடோ, இன்கா காலத்து மிட்டாங்கற கட்டாய வேலை முறைய எடுத்து சுரங்கத்துக்குத் திருப்பிவிட்டு, மலைநாட்டு ஊர்கள்ல ஏழு ஆம்பளைக்கு ஒருத்தர்னு முறை வச்சு வருஷத்துக்கு 13,000 பேருக்கு மேல வரவழைச்சாரு.

சுபாவம்னு சொன்னீங்கல்ல, அதுக்கு ஒரே ஒரு தீவப் பாருங்க. ஹிஸ்பானியோலா, இன்னைக்கு ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கற தீவு. 1492ல கொலம்பஸ் வந்தப்ப அங்க இருந்தவங்க டைனோ ஜனங்க. தங்கம் அரிக்கச் சொல்லி வதைச்சதுலயும், பட்டினிலயும், பெரியம்மையிலயும் அரை நூற்றாண்டுக்குள்ள அந்த ஜனமே ஏறக்குறைய அழிஞ்சிடுச்சு. அத எதிர்த்து முதல்ல குரல் குடுத்ததும் ஒரு ஸ்பெயின்காரருதான், 1511ல மாண்டெசினோஸ்னு ஒரு பாதிரியார் அந்தத் தீவுல இருக்கற சாண்டோ டொமிங்கோ நகர சர்ச்சுல நின்னு, இவங்க மனுஷங்க இல்லையான்னு முதலாளிங்க முகத்துக்கு நேரா கேட்டாரு. எனக்கு அந்த மனுஷன் மேல பெரிய மரியாதை உண்டு.

தங்கம் தீந்ததும் ஸ்பெயினோட கவனம் மெக்சிகோ, பெரு பக்கம் போயிடுச்சு. 1605-06ல கள்ளக்கடத்தல ஒழிக்கறேன்னு கவர்னர் ஒசோரியோ தீவோட வடக்கு, மேற்குப் பக்கத்து ஊர்களக் காலி பண்ண வச்சு கொளுத்திட்டாரு, அந்தக் காலி இடத்துலதான் மாடு வேட்டையாடிக்கிட்டு பிரெஞ்சுக்காரங்க மெதுவா நுழைஞ்சாங்க, 1697ல ஒப்பந்தம் போட்டு மேற்குல மூணுல ஒரு பங்கு அவங்க கைக்கே போயிடுச்சு. பேரு செயிண்ட் டொமிங்.

இப்ப பிரெஞ்சுக்காரங்க அங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. கரும்பு போட்டாங்க. 1789ல அந்தப் பக்கம் வெள்ளக்காரங்க சுமார் 30,000 பேரு, அடிமைங்க கிட்டத்தட்ட 5 லட்சம். செத்துக்கிட்டே இருந்ததால ஆப்பிரிக்காவுலருந்து கப்பல் கப்பலா கொண்டாந்து இறக்கிட்டே இருந்தாங்க. 1685ல பிரெஞ்சு ராஜா பதினாலாம் லூயி போட்ட அடிமைச் சட்டத்துல, ஒரு மாசம் ஓடிப்போனவன் காத அறுத்து தோள்ல சூடு போடணும், ரெண்டாவது தடவ முழங்காலுக்குப் பின்பக்க நரம்ப வெட்டணும், மூணாவது தடவ மரணம்னு இருக்கு. அதே காலத்துல கிழக்குப் பக்கம் ஸ்பெயின் பகுதில பெரும்பாலும் மாட்டுப் பண்ணைங்க, அடிமைங்க ரொம்பக் கம்மி. ஒரே தீவுல யாரு சாது, யாரு கொடூரம்னு அப்படியே திரும்பிடுச்சு பாருங்க.

வட அமெரிக்காவுலயும் தோல் வியாபாரத்த விட்டு நிலத்துல கை வச்சப்ப இதேதான். மிசிசிப்பிக் கரைல நாச்செஸ்னு ஒரு ஜனம். 1729ல பிரெஞ்சு அதிகாரி ஒருத்தரு புகையிலத் தோட்டம் போடணும், உங்க ஊரக் காலி பண்ணுங்கன்னாரு. அவங்க பொங்கி எழுந்து 200க்கு மேல பிரெஞ்சுக்காரங்களக் கொன்னாங்க. பிரெஞ்சுப் படை திரும்பி வந்து அடிச்சு, 1731ல பிடிபட்ட நூத்துக்கணக்கான பேரயும், கூடவே அவங்க தலைவரையும், கப்பல்ல ஏத்தி அடிமையா வித்துச்சு. வித்த இடம் செயிண்ட் டொமிங்.