கடைசி இடத்து அணியை ஏன் விடாமல் பார்க்கிறேன்? – பேஸ்பால் கேள்வி-பதில்

போன இதழில், அமெரிக்க பேஸ்பாலில் ஒவ்வொரு சீசனிலும் பட்டியலின் அடியில் இருக்கும் அணியைத்தான் நான் விடாமல் பின்தொடர்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அதற்கே.

கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது. ஜெயிக்கிற அணியை விட்டுவிட்டு தோற்கிற அணியைப் போய் ஏன் பார்க்க வேண்டும்?
– வாசகர், கோவில்பட்டி

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை அநேகமாக தினமும் ஆட்டம் உண்டு. ஐபிஎல்லில் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு நீண்ட சீசனில் சாம்பியன் அணியே 60 ஆட்டம் வரை தோற்கும், அதே மாதிரி மிக மோசமான அணியும் 40 ஆட்டமாவது ஜெயித்துவிடும். நாலு நாளைக்கு ஒரு நாள் வெற்றி. இன்றைக்கு அந்த நாளா என்று முதல் பந்து வீசப்படும்போது யாருக்கும் தெரியாது.

சிகாகோவில் இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை ஐந்து, ஐந்தரை மணி. காபியோடு உட்கார்ந்தால் வேலைக்குக் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். முன்னணி அணியின் ரசிகருக்கு அக்டோபரில் வரும் பிளேஆஃப்தான் கண்ணில் இருக்கும், அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் அவருக்குப் புள்ளிக்கணக்கு. கடைசி இடத்து அணிக்கு அக்டோபரே கிடையாது, ஜூன் மாதமே அது தெரிந்துவிடும். அதனால் அன்றைய ஆட்டம் அன்றைக்கே முழுசாக இருக்கிறது. மைனர் லீக் என்ற கீழ்மட்ட அணிகளில் வருஷக்கணக்காகப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு, காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக முதல் முறை மேலே வரும் பையன்களை இந்த அணிகளில்தான் அதிகம் பார்க்கலாம். ஒருவர் மேஜர் லீக்கில் தன் முதல் ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் தளத்தை எட்டுவது) அடித்ததும் அந்தப் பந்தை ஆட்டத்திலிருந்து எடுத்து அவருக்காகப் பத்திரப்படுத்துவார்கள். அணி ஏழு ரன் பின்தங்கி இருந்தாலும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டுவார்கள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

2024 சிகாகோ ஒயிட் சாக்ஸ் வரலாற்றிலேயே மோசமான அணி என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சென்னை

தோல்வி எண்ணிக்கையில் உண்மை. 41 வெற்றி, 121 தோல்வி. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை தோல்வி வேறு எந்த அணிக்கும் இல்லை. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 1962-ன் நியூயார்க் மெட்ஸ், 40 வெற்றி, 120 தோல்வி. ஆனால் சதவீதமாகப் பார்த்தால் மெட்ஸ் ஒரு மயிரிழை கீழே வரும், ஏனென்றால் அவர்கள் 160 ஆட்டத்துக்குத்தான் முடிவு கண்டார்கள். அதற்கும் கீழே 1916-ன் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் இருக்கிறது, 36 வெற்றி, 117 தோல்வி. 1914-ல் உலகத் தொடர் (சாம்பியனை முடிவு செய்யும் கடைசித் தொடர்) வரை போன அணி அது, அதன் பெரிய ஆட்டக்காரர்களை வரிசையாக விட்டுவிட்டார்கள், இரண்டே வருஷத்தில் அந்த நிலைமை.

நான் 2024-ஐ ஏப்ரலில் இருந்தே பார்த்தேன். முதல் 25 ஆட்டத்தில் 3 வெற்றி. மே கடைசியில் தொடங்கி ஜூன் வரை தொடர்ந்து 14 தோல்வி, அப்போதே இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஜூலை 10-ல் தொடங்கியது அடுத்தது, ஆகஸ்ட் 5 வரை 21 ஆட்டம் வரிசையாகத் தோல்வி. மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அதற்கு ஈடாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது, 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் சீசனின் முதல் 21 ஆட்டத்தையும் தோற்றது. ஆகஸ்ட் 6-ம் தேதி ஓக்லண்டில் 5-1 என்று ஜெயித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ என் வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், பெட்ரோ கிரிபோலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இந்த அணியிலும் கேரட் குரோஷே என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) இருந்தார் என்பதை யாரும் மறக்கக் கூடாது. 146 இன்னிங்ஸில் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) 209 பேரை ஸ்டிரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை அடித்து ஆடவிடாமலே வெளியேற்றினார். அவர் பந்து போடும் நாளில் ஒயிட் சாக்ஸைப் பார்ப்பதற்கும் மற்ற நாளில் பார்ப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். அந்த டிசம்பரிலேயே அவரை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு இளம் ஆட்டக்காரர்கள் வந்தார்கள், அது சரிதான், ஆனால் வருஷம் முழுக்க அந்த அணியைப் பார்த்தவனுக்கு அந்தச் செய்தி 121-வது தோல்வியைவிட அதிகமாக வலித்தது.

நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம், வீட்டில் எல்லாரும் புளூ ஜேஸ். 2024-ல் எங்கள் அணியும் கடைசி இடம்தான். எங்களையும் உங்கள் பட்டியலில் சேர்ப்பீர்களா?
– வாசகர், டொராண்டோ

சேர்க்க முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் பிரிவில் மட்டும் கடைசி இடம். 74 வெற்றி, 88 தோல்வி என்பது சுமாரான சீசன், அவ்வளவுதான். ஒரு பிரிவுக்கு ஐந்து அணி, அதில் யாராவது ஐந்தாவதாக வந்துதானே ஆக வேண்டும். அடுத்த வருஷமே 94 ஆட்டம் ஜெயித்து, உலகத் தொடருக்குப் போய், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் 11-வது இன்னிங்ஸ் வரை இழுத்துத் தோற்றீர்கள். அந்த இரவு உங்கள் வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். நான் சொல்லும் அணிகளுக்கு இப்படி ஒரே வருஷத்தில் எழுந்து வரும் பாக்கியம் கிடைப்பதில்லை. ஒயிட் சாக்ஸ் 2025-ல் 19 ஆட்டம் கூடுதலாக ஜெயித்தது, ஆனாலும் 102 தோல்வி.

வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று படித்தேன். இது சூதாட்டம் இல்லையா?
– வாசகர், கோவை

சூதாட்டம் இல்லை. களத்தில் இருக்கும் யாரும் தோற்பதற்காக ஆடுவதில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிர்வாகம்தான் சம்பளம் அதிகமான நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு, கையில் இருப்பவர்களை வைத்து இரண்டு மூன்று வருஷம் ஓட்டும். காரணம் டிராஃப்ட். பள்ளி, கல்லூரியிலிருந்து வரும் புதிய ஆட்டக்காரர்களை ஒவ்வொரு அணியும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும், ரொம்ப காலம் கடைசி இடத்து அணிக்கே முதல் வாய்ப்பு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 தோல்வி. இடையில் 2012 டிராஃப்டில் முதல் ஆளாக கார்லோஸ் கொரியாவை எடுத்தார்கள், 2017-ல் உலகத் தொடரை ஜெயித்தார்கள். எதிரணியின் சைகைகளைத் திருடினார்கள் என்று பின்னால் நிரூபணமாகி அந்த வெற்றிக்குக் கறை பட்டது தனிக் கதை. ஆனால் மூன்று வருஷம் தோற்றால் கிண்ணம் கிடைக்கும் என்ற பாடத்தை மற்ற முதலாளிகள் பிடித்துக்கொண்டார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் வந்தது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடம் கிடைக்க ஆளுக்கு 16.5 சதவீத வாய்ப்பு, அவ்வளவே. பெரிய ஊர் அணிகள் அடுத்தடுத்த வருஷம் இந்தக் குலுக்கலில் இடம் வாங்கவும் முடியாது. அந்த விதியால்தான் 121 ஆட்டம் தோற்ற ஒயிட் சாக்ஸுக்கு 2025 டிராஃப்டில் 10-வது இடம்.

ரசிகர்களில் சிலர், "தோற்கட்டும், நல்ல பையன் கிடைப்பான்" என்று பேசுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் ஐந்து வருஷம் கழித்து வருவான் என்பதற்காக, இன்றைக்கு வெயிலில் நின்று ஓடுகிறவன் தோற்க வேண்டும் என்று நான் எப்படி ஆசைப்படுவது?

இவ்வளவு தோற்றால் ரசிகர்கள் கோபப்பட மாட்டார்களா?
– வாசகி, சிங்கப்பூர்

படுவார்கள், படவும் வேண்டும். கோபம் யார் மேல் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில், இங்கிலாந்துக் கால்பந்து மாதிரி, கடைசியாக வந்தால் கீழ் லீக்குக்கு இறக்கும் வழக்கம் இல்லை. முதலாளிக்கு அந்தப் பயமே கிடையாது. தொலைக்காட்சிப் பணம் அப்படியே வந்துகொண்டிருக்கும்.

1899-ல் கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸ் என்று ஓர் அணி. அதன் முதலாளிகளே செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, புகழ்பெற்ற பிட்சர் சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரையும் அங்கே மாற்றிவிட்டார்கள். ஸ்பைடர்ஸ் 20 ஜெயித்தது, 134 தோற்றது. உள்ளூரில் கூட்டமே வராமல், பெரும்பாலான ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடித் திரிந்தது. அந்த சீசனோடு அணியையே மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

2023-ல் ஓக்லண்ட் ரசிகர்கள் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அணியை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோக முதலாளி முடிவெடுத்திருந்தார், அந்த வருஷம் 112 தோல்வி, மைதானம் தினமும் காலியாகக் கிடந்தது. கூட்டமே வருவதில்லை என்பதையே காரணமாகக் காட்டுகிறார்களா, சரி, வந்து காட்டுகிறோம் என்று ஜூன் 13-ம் தேதி 27,759 பேர் வந்து உட்கார்ந்தார்கள். "அணியை விற்றுவிடு" என்ற அர்த்தத்தில் ஒற்றை வார்த்தை போட்ட பச்சை பனியன், இரவெல்லாம் அதே கோஷம். களத்தில் இருந்த பையன்களுக்கோ கைதட்டல்! அணி அன்றைக்கு ஜெயித்தது. ஆனாலும் 2024 சீசன் முடிந்ததும் ஓக்லண்டை விட்டுப் போய்விட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இப்போது தோற்பதற்குக்கூட ஓர் அணி இல்லை.

இப்போதைய போப் ஒயிட் சாக்ஸ் ரசிகராமே?
– வாசகர், வேளாங்கண்ணி

ஆமாம். சிகாகோவில் பிறந்த போப் லியோ, 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அந்த வருஷம் ஒயிட் சாக்ஸ் கிண்ணம் வாங்கியது.

புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கிறேன். மோசமான அணியின் ஆட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பெங்களூரு

பிட்சரை. மற்றதெல்லாம் பிறகு. 2003-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியில் மைக் மராத் என்ற இளம் பிட்சர் இருந்தார். பேஸ்பாலில் ஒவ்வொரு தோல்வியையும் ஒரு பிட்சர் பேரில் எழுதுவார்கள். அவர் பேரில் அந்த சீசனில் 21 தோல்வி, 1980-க்குப் பிறகு 20 தோல்வியைத் தொட்ட முதல் பிட்சர் அவர்தான். 20 வரும் என்று தெரிந்ததும் ஒதுங்கிக்கொள்ள வழி இருந்தது, ஆனால் தன் முறை வந்தபோதெல்லாம் பந்தை வாங்கிக்கொண்டு போய் நின்றார். அந்த மாதிரி ஆளைத் தேடுங்கள், ஒவ்வொரு மோசமான அணியிலும் ஒருவர் இருப்பார்.

அப்புறம், செப்டம்பர் கடைசி வாரத்தை விட்டுவிடாதீர்கள். அந்த 2003 டைகர்ஸ் மெட்ஸின் 120 தோல்வியைத் தொட்டுவிடும் என்று நாடே எதிர்பார்த்தது. கடைசி ஆறு ஆட்டத்தில் ஐந்தை ஜெயித்தார்கள். கடைசிக்கு முந்தைய நாள் 0-8 என்று பின்தங்கி இருந்து 9-8 என்று ஜெயித்தார்கள். 119-ல் நின்றது. மூன்றே வருஷத்தில், 2006-ல், அதே அணி உலகத் தொடர் ஆடியது.

2024-க்கு வருகிறேன். ஒயிட் சாக்ஸ் செப்டம்பர் 22-ல் 120-ஐத் தொட்டது. அடுத்து உள்ளூரில் ஏஞ்சல்ஸ் அணியோடு மூன்று ஆட்டம், மூன்றிலும் ஜெயித்தார்கள். 121-வது தோல்வி வெளியூரில், டெட்ராய்ட்டில், செப்டம்பர் 27 இரவு, அதே டைகர்ஸ் கையில் வந்தது. அந்த வெற்றியோடு டைகர்ஸ் 2014-க்குப் பிறகு முதல் முறையாக பிளேஆஃபுக்குள் நுழைந்தது, மைதானமே ஆடிப்போனது. ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போன சிகாகோ பையன்கள். நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே மைதானத்தில் இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம் இருந்தது, வேண்டாத சாதனையும் வந்துவிட்டது, மானமும் போய்விட்டது, ஆடி ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டையும் ஜெயித்தார்கள்.