டாஃப்ட் பங்கின் 2013 ஆல்பம் கடற்கரை விழாவில் மட்டும் ஏன் சத்தம் குறைவாகக் கேட்கிறது?

ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் விழாவில் மற்ற பாட்டெல்லாம் அதிர, பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையர் டாஃப்ட் பங்கின் ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ மட்டும் அமுங்கிக் கேட்கிறது என்கிறீர்கள். ஸ்பீக்கர் மேல் பழி போட வேண்டாம். 2005-க்குப் பிறகு எட்டு ஆண்டு கழித்து வந்த ஸ்டுடியோ ஆல்பம் அது (நடுவே 2010-ல் ஒரு படத்துக்கு இசையமைத்தது வேறு கணக்கு). கணினித் தாளத்தைக் குறைத்து, ஒமர் ஹக்கீமின் டிரம்ஸ், நேதன் ஈஸ்டின் பேஸ் கிட்டார் என்று ஆட்களை வாசிக்க வைத்துப் பதிந்தார்கள். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை மாஸ்டரிங்கில் (வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டம்) அதிகம் நசுக்கவில்லை. அதனால் சராசரி ஒலியளவு தாழ்ந்தே இருக்கும்.

பாட்டின் உரத்த டிரம் அடி வரும் இடத்தை ஓட்டி, மிக்சரில் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவு) ஏற்றுங்கள். பேஸ் குமிழைத் திருகினால் ஆம்ப் திணறிக் கரகரக்கும், அவ்வளவுதான். குழாய் ஸ்பீக்கர் இதற்கு உதவாது. பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், குழாயில் அது வரவே வராது. தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள 18 அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர் வையுங்கள்.

காற்று, ஸ்பீக்கர் பெட்டிகளின் முதுகுப் பக்கமிருந்து கூட்டத்தை நோக்கி வீச வேண்டும். எதிர்காற்றில் முதலில் காணாமல் போவது ஹை-ஹேட் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தட்டு) சத்தம்தான். உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டுச் சொருகுங்கள்.