பகைவன் கையை முத்தமிட்ட அரசர்: டிராய் மன்னர் பிரியாம் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: பிரியாமுக்கு ஐம்பது மகன்கள் என்கிறார்களே, எல்லோரும் ஒரே தாய்க்கா?

பதில்: ஐம்பது என்பது ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டில் அவரே சொல்லும் கணக்கு. அவர்களில் 19 பேர் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அந்தத் தாய் பட்டத்தரசி ஹெக்குபா. மற்றவர்கள் அரண்மனையின் பிற பெண்களுக்குப் பிறந்தவர்கள்.

கேள்வி: அவருடைய இயற்பெயர் வேறாமே?

பதில்: ஆம், போடார்கெஸ். தந்தை லவோமெடோன் கொடுத்த வாக்கை மீறியதால் கிரேக்க வீரன் ஹெராக்கிளீஸ் டிராய் மீது படையெடுத்து அந்தத் தந்தையைக் கொன்றான். சிறைப்பட்ட போடார்கெஸை மீட்க, உடன்பிறந்தவள் ஹெசியோனி தன் தலைத்துகிலைக் கழற்றி விலையாகக் கொடுத்தாள். ‘வாங்கப்பட்டவன்’ என்ற பொருளில் பிரியாம் என்ற பெயர் அப்போது வந்தது என்பது பழைய விளக்கம். இளமையில் ஒரு துகிலுக்கு மீட்கப்பட்டவர், முதுமையில் மகனின் உடலை மீட்க வண்டி நிறைய ஆடைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

கேள்வி: துருக்கியில் கிடைத்த ‘பிரியாமின் புதையல்’ அவருடையதுதானா?

பதில்: இல்லை. ஹிசார்லிக் மேட்டில் 1873-இல் ஜெர்மானிய அகழ்வாளர் ஹைன்ரிக் ஷ்லீமான் கண்டெடுத்த அந்தத் தங்கம், கிரேக்கர்கள் டிராய் மீது தொடுத்த டிராய்ப் போரின் காலமாகக் கருதப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது.

கேள்வி: மகன் ஹெக்டரைக் கொன்ற கிரேக்க வீரன் அகிலீஸின் காலைப் போய்ப் பிடித்தது ஓர் அரசருக்கு இழுக்கு இல்லையா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர்க்களத்தில் யாரும் காட்டாத துணிச்சல் அது. புத்திர சோகத்தில் சாணத்தில் புரண்டு, அதையே தலையிலும் கழுத்திலும் அள்ளிப் பூசிக்கொண்டு கிடந்தவர் எழுந்தார். பன்னிரண்டு பன்னிரண்டாக ஆடைகள், பத்துத் தாலந்து (பழைய எடை அளவு) தங்கம், திரேசியர்கள் தந்த அருமையான கிண்ணம் ஆகியவற்றை எடுத்துவைத்தார். கிழட்டுக் கட்டியக்காரன் ஒருவனை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு, இரவில் பகைவர் பாசறைக்குள் நுழைந்தார். தம் பிள்ளைகள் பலரைக் கொன்ற கைகளை முத்தமிட்டார். “உன் தந்தையை நினைத்துப் பார்” என்று கேட்டார். இருவரும் அழுதார்கள், இவர் ஹெக்டருக்காக, அவன் தந்தைக்காகவும் தோழன் பட்ரோக்ளஸுக்காகவும்.

அகிலீஸ் உடலை மறைவில் கழுவச் சொன்னான். தகப்பன் கண்ணில் பட்டால் அவர் சினம் பொங்கும், தன் சினமும் மூண்டுவிடும் என்று அஞ்சினான். அவர் கொண்டுவந்த ஆடைகளிலேயே இரண்டு போர்வைகளையும் ஓர் அங்கியையும் ஒதுக்கி, அவற்றால் உடலைப் போர்த்தினான். ஈமச் சடங்குக்காகப் பதினொரு நாள் போரையும் நிறுத்தினான். விடியலில் வண்டி திரும்பி வருவதை முதலில் கண்டு கதறியவள், பிரியாமின் மகள் கசாண்ட்ரா.

கேள்வி: அவர் முடிவு?

பதில்: டிராய் வீழ்ந்த இரவில், மகன் பொலைட்டீஸ் தம் கண்ணெதிரே கொல்லப்படுவதைப் பார்த்தார். கொன்றவன் நியோப்டோலமஸ், அகிலீஸின் மகன். “உன் தந்தை என்னிடம் இப்படி நடந்துகொள்ளவில்லை, ஹெக்டரின் உடலைத் திருப்பித் தந்தான்” என்று அவனிடம் பிரியாம் சொன்னதாக ரோமக் கவிஞர் வர்ஜில் பாடுகிறார். அவன் அவரையும் பலிபீடத்துக்கு இழுத்துச் சென்று கொன்றான்.