திருகோணமலை உப்புவெளியில சீமெந்து மீன் தொட்டி: ஒரு நாளைக்கு ரெண்டு இஞ்ச் தண்ணி குறையுது எண்டு கேட்டவருக்கு

தம்பி, உடனே மேசனைக் கூப்பிட்டுராதீங்கோ. கச்சான் காத்து, அதான் அந்தக் காஞ்ச தென்மேற்குக் காத்து, அடிக்கிற நேரம் எங்கட பக்கம் தண்ணி சும்மாவே வத்தும், ஆனா ரெண்டு இஞ்ச் கொஞ்சம் ஓவர்தான்.

முதல்ல பம்பை நிப்பாட்டிப்போட்டு, ஒரு வாளியில தண்ணி விட்டு தொட்டிக்குள்ள ஒரு கல்லு மேல வைங்கோ, வாளிக்கு உள்ளயும் வெளியயும் தண்ணி மட்டத்தைக் கீறி ஒரு நாள் விடுங்கோ. ரெண்டும் ஒரேயளவு குறைஞ்சா காத்துதான் குடிக்குது. தொட்டி மட்டும் கூடக் குறைஞ்சாத்தான் லீக். பம்ப் ஓடேக்க மட்டும் குறையுதெண்டா தொட்டியில பிழையில்ல, ஃபவுண்டன் ஓஸையும் தண்ணி வெளிய தெறிக்குதா எண்டும் பாருங்கோ.

லீக்தான் எண்டா மீனைப் பேசினுக்கு மாத்திப்போட்டு தண்ணியை இறங்க விடுங்கோ, எங்க வந்து நிக்குதோ அந்த மட்டத்திலதான் வெடிப்பு. அதுக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் திரும்ப நிரப்பி, தண்ணி அசையாம நிக்கேக்க சிரிஞ்சில ரெண்டு சொட்டுப் பால் சுவரோரமா விடுங்கோ, நூல் மாதிரி இழுபட்டு உள்ள போற இடம் கண்ணுக்கே தெரியும். நான் கையால தடவித் தடவித் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையே போச்சு.

மேலால பூசினா நிக்காது. வெடிப்பை உளியால இங்கிலீசு V எழுத்து மாதிரி வெட்டி, தூசி கழுவி, ஈரமா இருக்கேக்கயே வோட்டர்புரூஃப் கலந்த சாந்தை அடைச்சு, ஒரு கிழமை நனைச்ச சாக்குப் போட்டு வைங்கோ. பிறகு நிரப்பி, ரெண்டு மூண்டு நாள் விட்டு இறைச்சு, திரும்பவும் அப்பிடியே செய்யுங்கோ, பிஎச் (தண்ணியின்ர அமில, கார அளவு) பாத்திட்டு மீனை விடுங்கோ. புதுச் சீமெந்துச் சுண்ணாம்பில என்ர நாலு கப்பி மீனும் செத்தது.