குடுவையில் தயாரிக்க முடியாத மூலக்கூறுகளை உலோகப் பரப்பின்மேல் எப்படித் தயாரிக்கிறார்கள்?

கேட்டவர் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறார். கரைசலில் உருவாக்க முடியாத கரிம மூலக்கூறுகள் தங்கத்தின் மீதோ செம்பின் மீதோ மட்டும் எப்படி உருவாகின்றன? உருவானவற்றைப் புட்டியில் அடைத்து எடுக்க முடியுமா? இந்தத் துறையில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

குடுவைக்குள் ஒரு நிலையற்ற மூலக்கூறுக்கு முதல் ஆபத்து, பக்கத்தில் இருக்கும் அதே இன மூலக்கூறுதான். டிரையாங்குலீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பென்சீன் வளையங்கள் முக்கோணமாக ஒட்டிய வடிவம், 22 கார்பன் அணுக்கள். தாளில் வரைந்து இரட்டைப் பிணைப்புகளை எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இணை கிடைக்காது. எரிக் கிளார் 1953-இல் இதைத் தயாரிக்க முயன்றார். உருவானவை உடனே ஒன்றோடொன்று பிணைந்து பலபடியாகிவிட்டன. 2017-இல் ஐபிஎம் நிறுவனத்தின் சூரிச் ஆய்வகத்தினரும் வார்விக் பல்கலைக்கழக வேதியியலாளர்களும் வேறு வழியில் போனார்கள். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதலாக உள்ள, அதனால் சாதுவான ஒரு முன்னோடி மூலக்கூறைக் குடுவையில் தயாரித்துப் பரப்பின்மேல் படியவைத்து, கூரிய ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கியின் அந்த முனையைக் கொண்டே இரண்டு ஹைட்ரஜன்களையும் பிடுங்கினார்கள். கடுங்குளிர், சுற்றிலும் வெற்றிடம், வினைபுரிய எட்டும் தொலைவில் எதுவும் இல்லை. டிரையாங்குலீன் அப்படியே இருந்தது. உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி இந்தத் தனிமைதான்.

மறு பாதி உலோகம் செய்யும் வேலை. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிராபீன் நானோ நாடா, அதாவது ஓர் அணு கனமே உள்ள கார்பன் தாளான கிராபீனின் மிகக் குறுகிய கீற்று. 2010-இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் ரோமன் ஃபாசெல் குழுவும், மைன்ஸ் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கிளவுஸ் மியூலன் குழுவும் சேர்ந்து செய்தார்கள். மூன்று பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டியது ஆந்த்ரசீன். இரண்டு ஆந்த்ரசீன்களை நடுவில் இணைத்து, இரு முனைகளிலும் ஒவ்வொரு புரோமின் வைத்த மூலக்கூறு. அதைத் தங்கத்தின்மேல் ஆவியாக்கிப் படியவைத்து 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் புரோமின் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் தொங்கும் பிணைப்பு வெளியில் இருந்தால் எதையாவது பற்றிக்கொண்டுவிடும். இங்கே தங்கம் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் இறுக்கிப் பிடிப்பதில்லை. மூலக்கூறு பரப்பின்மேல் வழுக்கிப்போய் இன்னொன்றைச் சந்தித்து இணைகிறது, சங்கிலி நீள்கிறது. இந்தச் சங்கிலி தட்டையாக இருக்காது. ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று இடிப்பதால் ஆந்த்ரசீன்கள் மாறி மாறிச் சாய்ந்து நிற்கும். 400 டிகிரிக்குப் போனால் இடிக்கும் ஹைட்ரஜன்கள் வெளியேறி, பக்கத்துக் கார்பன்கள் இணைந்து, சங்கிலி நாடாவாகத் தட்டையாகிறது. அகலம் சரியாக ஏழு கார்பன் வரிசை. ஓர் அணுகூடப் பிசகாத விளிம்பு. பெரிய கிராபீன் தாளை வெட்டி எடுக்கும் நாடாவில் இந்த விளிம்பு கிடைக்காது. அகலமும் விளிம்பும் மாறினால் நாடாவின் மின்பண்பே மாறிவிடும் என்பதால் இது அழகு பற்றிய விஷயம் மட்டும் இல்லை.

வெளியேறிய ஹைட்ரஜன் வெற்றிடத்துக்குள் போய்விடுகிறது, திரும்பி வராது. ஆகவே வினை பின்னோக்கிப் போக வழியே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த நுணுக்கம் இதுதான்.

புரோமின் கழன்று கார்பனும் கார்பனும் இணையும் இந்த வினை புதியது இல்லை. ஃபிரிட்ஸ் உல்மான் 1901-லேயே செம்பை வைத்துச் செய்து காட்டியது. ஒரே ஒரு ஜோடி மூலக்கூறுகளில் அதை நடத்திக் காட்டியவர்கள் 2000-இல் பெர்லினில் வேலை செய்த சா-வை ஹ்லாவும் அவருடைய குழுவினரும். செம்புப் பரப்பில் கிடந்த அயடோபென்சீனிலிருந்து நுண்ணோக்கி முனையால் அயோடினைப் பிரித்து, மிஞ்சிய இரண்டு வளையங்களை அருகருகே தள்ளி, மின் துடிப்புக் கொடுத்து இணைத்தார்கள். உண்மையிலேயே இணைந்துவிட்டதா என்று எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டும் சேர்ந்து நகர்ந்தன.

எந்த உலோகம் என்பது முக்கியம். செம்பு சுறுசுறுப்பானது, அறை வெப்பநிலையிலேயே புரோமினைக் கழற்றிவிடும். ஆனால் பிடித்ததை எளிதில் விடாது. செம்பிலும் வெள்ளியிலும் பல நேரங்களில் இரண்டு கார்பன்களுக்கு நடுவே ஓர் உலோக அணு புகுந்து உட்கார்ந்துகொள்ளும், அதை விரட்ட இன்னும் சூடு வேண்டும். தங்கம் மந்தமானது, அதனால் அதன்மேல் மூலக்கூறுகள் தாராளமாக நகரும். அந்த மந்தத்துக்கும் ஒரு விலை உண்டு. என்னோடு வேலை செய்த ஒருவர் மூன்று மாதம் உழைத்து, இரண்டு புரோமின் கொண்ட ஒரு சிறிய மூலக்கூறைத் தயாரித்துக் கொடுத்தார். தங்கத்தின்மேல் படியவைத்துச் சூடாக்கினேன். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தால் வெறும் தங்கம்! தூய தங்கப் பரப்புக்கே உரிய மீன்முள் கோடுகள் மட்டும் தெரிந்தன. புரோமின் கழல்வதற்கு முன்பே மூலக்கூறுகள் எல்லாம் பரப்பை விட்டுப் பறந்துவிட்டன. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லாமல், புரோமினுக்குப் பதில் அயோடின் வைத்து மறுபடி தயாரித்தார். கார்பன்-அயோடின் பிணைப்பு பலம் குறைந்தது, குறைந்த சூட்டிலேயே உடையும். இந்த முறை சங்கிலிகள் வந்தன. படங்களைப் பார்க்கிறவர்கள் நுண்ணோக்கியைப் பாராட்டுகிறார்கள். எது எங்கே உடைய வேண்டும், எது எதனோடு இணைய வேண்டும் என்பதைக் குடுவையில் வைத்தே தீர்மானித்துவிடும் கரிம வேதியியலாளருக்கு அந்தப் பாராட்டில் பெரும் பங்கு சேர வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

வெற்றிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றழுத்தம் ஒரு டாரின் (டார் என்பது அழுத்த அலகு) பத்து லட்சத்தில் ஒரு பங்காக இருந்தாலும், ஒரு நொடியில் சுத்தமான பரப்பு முழுவதையும் ஓரடுக்கு அழுக்கு மூடிவிடும். அதனால் அதையும்விட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த அழுத்தத்தில்தான் வேலை. ஆர்கான் அயனிகளால் அடித்து, சூடாக்கி, மறுபடி அடித்து, மறுபடி சூடாக்கி என்று பரப்பைச் சுத்தம் செய்வதிலேயே நாட்கள் போகும்.

இனி, உருவானது நாம் நினைத்ததுதான் என்று எப்படி உறுதிசெய்வது? குடுவை வேதியியலில் தூய்மைப்படுத்தி, படிகமாக்கி, நிறமாலை எடுத்து நிரூபிப்பார்கள். இங்கே மூலக்கூறை நேரில் பார்க்கிறோம். ஐபிஎம் சூரிச் ஆய்வகத்தின் பின்னிக் மற்றும் ரோரர் 1981-இல் உருவாக்கிய எஸ்.டி.எம் நுண்ணோக்கி, முனைக்கும் பரப்புக்கும் இடையே பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்து, எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் விதத்தைக் காட்டியது. பிணைப்புகள் அதில் தெளிவாகத் தெரியாது. 2009-இல் அதே ஆய்வகத்தின் லியோ கிராஸ் குழுவினர், மின்னோட்டத்துக்குப் பதில் முனைமேல் செயல்படும் விசையை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறை ஒட்டவைத்துப் பென்டசீனைப் படமெடுத்தார்கள். ஐந்து வளையங்களும் பாடநூலில் வரைந்தது போலவே தெரிந்தன. அந்த முறை இல்லாவிட்டால் பரப்பில் செய்கிற வேதியியலில் பாதி ஊகமாகவே நின்றிருக்கும்.

புட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஓரடுக்கு முழுவதும் நிரப்பினாலும் ஏறக்குறைய 100 லட்சம் கோடி மூலக்கூறுகள்தான் கொள்ளும். மூலக்கூறு எடை 300 என்றால் அது சுமார் 50 நானோகிராம். தராசுக்கே எட்டாத அளவு. ஆகவே மருந்தோ சாயமோ இப்படித் தயாரிக்க நினைப்பவர்களுக்கு இது வழி இல்லை. நாடாக்களின் கதை வேறு. ஒரு நாடாவே ஒரு டிரான்சிஸ்டருக்குப் போதும், எடை தேவையில்லை. ஆனால் உலோகத்தின்மேல் கிடக்கும்வரை மின்சாரம் நாடாவை விட்டுவிட்டு உலோகத்தின் வழியாகவே ஓடும். அதனால் அப்பிரகத் தாளின்மேல் பூசிய மெல்லிய தங்கத்தில் நாடாக்களை வளர்த்து, அந்தப் படலத்தைக் கவிழ்த்து வேறு தளத்தில் ஒட்டி, தங்கத்தை மட்டும் அயோடைடு கரைசலில் கரைத்துவிடுகிறார்கள். ஏழு கார்பன் அகல நாடா இதையெல்லாம் தாங்கி, காற்றிலும் பிழைத்துக் கிடக்கிறது. டிரையாங்குலீனை அப்படி வெளியே கொண்டுவர முடியாது. அதை இன்றும் அது பிறந்த பரப்பிலேயே, அந்தக் குளிரிலேயே போய்த்தான் பார்க்க வேண்டும்.