பழைய பிக்கப்பில் பெட்ரோல் வாடை: எங்கே தேடுவது?

1991 ஃபோர்டு எஃப்-150, இரண்டு டேங்க், அடிக்கடி பெட்ரோல் வாடை, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்கிறீர்கள். வாடை எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

ஃபுல் டேங்க் அடித்த அன்று மட்டும் என்றால், கசிவு பெரும்பாலும் டேங்கின் மேல்பக்கம்தான். பெட்ரோல் ஊற்றும் ஃபில்லர் குழாயின் ரப்பர் ஹோஸை விரலால் மடக்கிப் பாருங்கள். நேராக இருக்கும்போது மறைந்திருக்கும் வெடிப்பு அப்போது வாய் பிளக்கும். பம்ப் உட்காரும் இடத்து சீலையும் பாருங்கள்.

இரட்டை டேங்க் வண்டிக்கென்றே ஒரு கோளாறு உண்டு. எஞ்சினில் செலவாகாமல் திரும்பும் பெட்ரோல், எடுத்த டேங்குக்கே போக வேண்டும். பம்ப் யூனிட்டில் இருக்கும் வால்வு பழுதானால் அந்தப் பெட்ரோல் அடுத்த டேங்குக்குப் போய், நிரம்பி, மூடி வழியே வழியும். ஒரே டேங்கில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, டேங்கை மாற்றும் ஸ்விட்சைப் போடுங்கள். தொடாத டேங்கில் பெட்ரோல் மீட்டர் முள் ஏறியிருந்தால் ஆள் அகப்பட்டான்.

பானட் பக்கம் வாடை அடித்தால் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் வாக்யூம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கிறது, ரெகுலேட்டரை மாற்றிவிடுங்கள்.

தேடும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். குண்டு பல்பு போட்ட கைவிளக்கு வேண்டாம், உடைந்தால் தீதான்.